எழுபத்தெட்டு கிலோவும் ஒரு வளையமும்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டரம்மா எழுதி வரச் சொன்னது மூன்றே மூன்று சங்கதி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறேன், எத்தனை தடவை கனம் தூக்குகிறேன், எத்தனை தடவை அந்தப் பயிற்சியைச் செய்கிறேன். இதற்கென்று நோட்டு வாங்கவில்லை. கடலை மிட்டாய்க் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். மூன்றோடு நிறுத்துகிற ஆளா நான், பார்ப்போம்.

இன்றைக்கு ஒண்ணுக்கு பதினொன்று. கனம் நாலு. பயிற்சி இல்லை, இன்றைக்குத்தானே சொல்லிக்கொடுத்தார்.

கனம் என்று எழுதினேனே, அது என் வீட்டுக்காரர் தங்கமாரியப்பன். எழுபத்தெட்டு கிலோ. போன வருடம் ஜூனில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. லாரி ஓட்டிய உடம்பு, படுத்தும் இளைக்கவில்லை. முட்டிவலி என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, எட்டயபுரத்திலிருந்து அவருடைய அக்கா பேச்சியம்மாள் மதினியை வரவழைத்துக் காவல் வைத்துவிட்டு, கோவில்பட்டியில் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டை போனேன்.

டாக்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"எத்தன நாளாம்மா இப்படி இருக்கு?"

"நாலு வருசமா."

"நாலு வருசமாவா? வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"இத எப்படிம்மா போயிச் சொல்ல?"

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதாம். முன்பக்கம் மூத்திரப்பையும் அதோடு சரிந்திருக்கிறதாம். அடியில் நின்று தாங்க வேண்டிய சதை, தொட்டில் துணி நைந்த மாதிரி ஆகிவிட்டதாம். அதனால்தான் சாயந்திரமானால் கீழே ஏதோ பந்து மாதிரி தட்டுகிறது, அதனால்தான் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கிறது. மூன்று பிள்ளை பெற்றது ஒரு காரணம், இந்தத் தூக்கல் இன்னொரு காரணம். நான் நாலு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"புத்துநோயா இருக்குமோ டாக்டர்?"

"இல்லவே இல்ல. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. நெறையப் பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அவமானமாகப் போயிற்று.

பிறகு வழிகளைச் சொன்னார். தொந்தரவு இல்லாதவர்கள் ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருக்கலாமாம். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். பயிற்சி எல்லோரும் செய்ய வேண்டியதுதான், ஆனால் இவ்வளவு இறங்கினதைப் பயிற்சி மட்டுமே மேலே ஏற்றிவிடாது. வளையம் ஒன்று இருக்கிறது, உள்ளே வைத்தால் தாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்தும் செய்யலாம், எடுக்காமல் மேலே இழுத்துத் தைத்தும் செய்யலாமாம்.

"ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சிரும்லா?"

"பெரும்பாலும் நல்லாயிரும். சில பேருக்குத் திரும்பவும் எறங்கலாம். ஆனா பண்ணுன பெறகு மூணு மாசம் கனமே தூக்கக் கூடாது."

சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்றார்.

"அந்த மூணு மாசமும் எங்க வீட்டுக்காரர எங்கம்மா கொண்டு தொங்கப் போட?"

அவர் சிரிக்கவில்லை. எழுதி வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒண்ணுக்கு பத்து. கனம் ஆறு. பயிற்சி மூன்று.

ஆறு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே. காலையில் கட்டிலிலிருந்து, கக்கூஸ் போக நடுவில் ஓட்டை போட்ட நாற்காலிக்கு, அங்கிருந்து கட்டிலுக்கு. குளிக்க வைக்க, திரும்பக் கொண்டுவர. சாயந்திரம் ஜன்னலோரம் உட்கார வைக்க, திரும்பப் படுக்க வைக்க. என் இரண்டு கையும் அவர் அக்குளுக்கு அடியில் போகும். அவருடைய நல்ல கை என் கழுத்தைச் சுற்றி வரும், தாடை என் தோளில். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

உட்கார வைத்த பிறகும் கழுத்தை விடமாட்டார். விழுந்துவிடுவோம் என்று பயம். "விடுங்க, இடுப்பு போகுது" என்று நான் சத்தம் போட்டால்தான் விடுவார்.

ஆள் வைத்துக்கொள்ளலாம். ஓசூரிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அதையேதான் சொல்கிறான். வைத்தோம், போன தீபாவளிக்கு முன்னால். ஆம்பளை நர்ஸ், தன்மையான மனுஷன். இரண்டாம் நாள் காப்பி டம்ளர் பறந்தது. "வேத்தாளு என்னத் தொடக் கூடாது" என்று ஒரே பிடி. கை கால் பயிற்சிக்கு வந்தவரையும் மூன்றே மாதத்தில் போதும் என்று அனுப்பிவிட்டார். பிடித்து எழுந்து உட்காரட்டும் என்று அந்த மனுஷர் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போன கயிற்றில் நான் துண்டு காயப்போடுகிறேன்.

அவர் கட்டிலில். நான் படுப்பது அடுக்களையில். அவருக்குக் குறட்டை அதிகம். நாலு வருடமாக இப்படித்தான்.

ஆகஸ்ட் 9, சனி

ஒண்ணுக்கு பன்னிரண்டு. கனம் ஒன்பது, அவருக்கு வயிறு சரியில்லை. பயிற்சி ஒன்று. சாயந்திரம் நிற்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பயிற்சியில் ஒரு நல்லது, யாருக்கும் தெரியாது. மூத்திரத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி அடிச்சதையை உள்ளே இழுத்து, பத்து எண்ணி, விட வேண்டும். தொடையும் வயிறும் இறுகக் கூடாது. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மிட்டாய் பாக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், அதோடு இதையும் செய்கிறேன். டின் இறக்க வந்த கம்பெனிக்காரர் "என்னக்கா, வாய்க்குள்ளயே கணக்குப் போடுதிய?" என்றார். ஆமாம் என்றேன்.

எதிர்வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். கழுகுமலையில் கல்யாணம். போக முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மஞ்சள் தடவிக் கொடுத்தார்கள், நானும் வாங்கி வைத்தேன். இந்த வீட்டுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே போக எனக்கு விதியில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வளையம் வைத்தாயிற்று!

வெள்ளையாக, வளைந்து கொடுக்கிற மாதிரி, ஒரு சின்ன வளையல் அளவு. இரண்டாக மடக்கி உள்ளே விட்டால் விரிந்துகொள்கிறது. முதலில் வைத்தது அளவு சின்னது. "நடந்து பாருங்க, இருமிப் பாருங்க, குத்தவச்சுப் பாருங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பினார். கக்கூசில் உட்கார்ந்ததும் பொத்தென்று விழுந்தது. கையில் எடுத்துக்கொண்டு திருடி மாதிரி வராந்தாவில் நடந்து வந்தேன். அடுத்த அளவு நின்றுவிட்டது. வாரம் ஒரு ராத்திரி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காலையில் திரும்ப வைத்துக்கொள்ள வேண்டும். எடுக்கவும் வைக்கவும் என்னையே மூன்று தடவை செய்ய வைத்துப் பார்த்தார்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "வீட்டுக்காரரோட சேந்து இருக்கீங்களாம்மா? அதுக்கும் இதக் கழட்டி வச்சுக்கலாம், தப்பில்ல."

"அவருதான் படுத்துக் கெடக்காரே டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நாலு வருடம் கழித்துக் கீழே ஒன்றும் தட்டாமல் நடந்தேன். நெஞ்சு நிறைந்து போயிற்று. ஒரு பழரசம் வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்தால், மதினி ஆசுவாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"தம்பி ஒரு கஷ்டமும் குடுக்கல. ஒரு மட்டம் கூட என்னத் தூக்கச் சொல்லலளா."

எப்படிச் சொல்வார்? நான் வரும்வரை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கிடந்திருப்பார். அக்காளிடம் அவ்வளவு மரியாதை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது: "ஏளா, வந்து தூக்கு."

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒண்ணுக்கு ஏழு. கனம் ஆறு. பயிற்சி மூன்று. மூன்று வாரமாக மனுஷி மாதிரி இருக்கிறேன். மலச்சிக்கல் வரக்கூடாது என்று கொய்யாப்பழமும் தண்ணீருமாகத் தின்று குடித்துக்கொண்டிருக்கிறேன். முக்கினால் அதுவும் இறக்கிவிடுமாம்.

சாயந்திரம் ஜன்னலோரம் உட்கார வைத்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டி பரவால்லையா?" என்று கேட்டார்.

எந்த முட்டி என்று கேட்க வாய் வந்துவிட்டது. பரவாயில்லை என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

தசரா ஆர்டருக்கு மிட்டாய் அதிகம், ஒத்தாசைக்கு மதினி வந்திருக்கிறார். நேற்று வளையத்தைக் கழற்றும் நாள். கழுவி, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். காலையில் கிண்ணம் இருக்கிறது, வளையம் இல்லை. காக்கா தூக்கிப் போய்விட்டதோ என்று கூரையையெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்தால், மதினி மிக்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். சட்னி ஜாரின் மூடியில் என் வளையம்!

"புது வாசர் வாங்கி வச்சிருக்க, மாட்டல. ஜார் ஒழுகுதேன்னு நான் மாட்டுதேன், உக்கார மாட்டேங்கு. அளவு தப்பா வாங்கிட்டியா?"

பிடுங்கினேன். "என்னளா, வாசரத்தான மாட்டுனேன்?" என்றார். எனக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் காதோடு சொன்னேன். மதினி தேங்காய்ச் சில்லைக் கீழே போட்டுவிட்டு, "சீச்சீ... ஐயோ... சீ" என்று கையை உதறினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சிரித்தோம். உள்ளேயிருந்து அவர், "என்னளா அங்க?" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கின பிறகு மதினி சொன்னார், "எனக்கும் இருக்குளா."

இருபது வருடத்துக்கு முன்னால் இதற்காகவே கர்ப்பப்பையை எடுத்தவர் அவர். எட்டு வருடம் நன்றாக இருந்ததாம். பிறகு கர்ப்பப்பை இல்லாமலே மேலே இருந்து ஏதோ திரும்ப இறங்கிவிட்டதாம். பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடமாகக் காட்டு வேலைக்குப் போகிறார். அறுபத்தாறு வயது.

"டாக்டர்ட்ட காட்ட வேண்டியதுதான மதினி?"

"ஒருக்கா துணிய அவுத்தாச்சு. இன்னொருக்கா அவுக்கவா?"

"அடுத்த மட்டம் எங்கூட வாங்க" என்றேன். பார்ப்போம் என்றார். தம்பியிடம் மூச்சு விடமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வளையத்தை வெந்நீரில் போட்டு எடுத்தேன். சட்னியை அம்மியில் அரைத்தோம்.

அக்டோபர் 8, புதன்

ஒண்ணுக்கு எட்டு. கனம் ஆறு. பயிற்சி ஒன்று. உள்பாவாடையில் ரத்தக் கறை.

அக்டோபர் 13, திங்கள்

பாளையங்கோட்டை. வளையம் உரசி உள்ளே புண்ணாகியிருக்கிறது. டாக்டர் எடுத்துவிட்டார். மூன்று வாரம் வளையம் இல்லை, ஆறுவதற்கு ஒரு கிரீம் தடவ வேண்டும். என் வயதில் அங்கே தோல் காய்ந்துபோகுமாம், ஆபத்தில்லை, ஆறிவிடும் என்றார். டைரியை வாங்கிப் பார்த்தார். நல்லவேளை, எண்கள் இருக்கிற இடத்தை மட்டும் பார்த்தார்.

"தெனமும் ஆறு தடவையா? ஒருத்தரேவா? வளையம் பாவம் என்ன செய்யும்மா. நீங்க தூக்குறத நிறுத்துனா இந்த வளையமே உங்களுக்கு வருசக்கணக்கா போதும். நிறுத்தாட்டி வளையமும் நிக்காது, ஆபரேஷன் பண்ணாலும் தையல் நிக்காது. அவர்ட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் போன் பண்ணிச் சொல்றேன்."

வேண்டாம் என்று அலறியேவிட்டேன். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

எந்த வழியைத் தொட்டாலும் அந்தக் கட்டிலில்தான் போய் முட்டுகிறது. அவரைத் தூக்காமல் இருந்தால்தான் நான் குணமாவேன். நான் தூக்காவிட்டால் அவர் நாற்றத்தில் கிடப்பார். வேறு ஆள் தூக்கினால் டம்ளர் பறக்கும். டாக்டர் எத்தனை வழி சொல்லி என்ன பிரயோஜனம்?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கனம் எட்டு. எண்ணெய்க் குளியல்.

மகள்கள் இரண்டு பேரும் போனில் வாழ்த்துச் சொன்னார்கள். புதுச் சட்டை போட்டுவிட்டேன். பட்டன் போடும்போது, "நீயும் புதுசு கட்டேன்" என்றார். கட்டவில்லை. பந்து திரும்ப வந்துவிட்டது. தொடை இடுக்கில் துணி வைத்துக்கொண்டு எந்தப் புதுப்புடவையை நான் கட்ட?

மதினியின் பன்னிரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 29, புதன்

ஒண்ணுக்கு பதிமூன்று. கனம் ஆறு. பயிற்சி மூன்று. இன்றைக்கு அவரைத் தூக்கும்போது, இந்த மனுஷன் போய்ச் சேர்ந்தால் என்ன என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

நவம்பர் 6, வியாழன்

கனம் ஒன்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க இன்றைக்குப் போக வேண்டும். மதினி வந்திருந்தார். கயத்தாறு தாண்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டருக்குக் காய்ச்சலாம், திங்கட்கிழமைக்கு மேல் வரச் சொன்னார்கள். இறங்கி, எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். ஒன்பதரை மணிக்கெல்லாம் தெருவுக்குள் வந்தாயிற்று. முனையில் ரேஷன் கடை வரிசையில் மதினி நின்றார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வீட்டில் அவர் தனியாக இருக்கிறாரே என்று எட்டி நடந்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

உட்கார்ந்து இல்லை, நின்று. இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுந்த காலைச் சும்மா ஊன்றிக்கொண்டு, தெருவின் அந்தக் கோடியில் தண்ணீர் லாரி பின்னால் எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். வாயில் பீடி இல்லாத ஒன்றுதான் குறை. நான் மின்கம்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கம்பியை மாற்றிப் பிடித்தார், மெதுவாகத் திரும்பினார், சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். பழகின உடம்பு செய்கிற மாதிரி செய்தார்.

நான் கேட்டைத் திறந்தேன். கேட் சத்தம் போடும். உள்ளே போனபோது படுத்திருந்தார். போர்வை மார்பு வரை இருந்தது.

"அதுக்குள்ள வந்திட்டியா? தூக்குளா, ஒண்ணுக்கு வருது."

தூக்கினேன்.

நவம்பர் 7, வெள்ளி

கனம் ஆறு.

நவம்பர் 8, சனி

கனம் ஆறு. பேசவில்லை. "ஏன் உம்முனு இருக்க?" என்றார். தலைவலி என்றேன்.

பாக்கெட் போடாமல் உட்கார்ந்து டைரியைப் புரட்டிக் கூட்டினேன். எழுதாத நாட்களை ஆறு என்று வைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் நாலிலிருந்து இந்த வியாழக்கிழமை வரை ஐந்நூற்று அறுபத்து எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று இறங்கினது எனக்குத் தெரியும். அதில் எத்தனை தடவை சும்மா?

தெரிந்த பிறகும் மூன்று நாளாக ஏன் தூக்குகிறேன்? அது எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

காலை ஒன்பது மணி. குளிக்க வைக்க வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். கையை நீட்டினார்.

"தூக்கு."

"முடியாது."

"என்னது?"

"முடியாது. நீங்களே எந்திரிங்க. வியாழக்கெழம பாத்துட்டேன்."

கை அப்படியே நின்றது. கத்துவார் என்று நினைத்தேன், வெந்நீர்ச் செம்பைக் கூட எட்டத்தில் நகர்த்தி வைத்தேன். கத்தவில்லை. நீட்டின கையை மடக்கிக்கொண்டு கேட்டார்.

"பாத்துட்டுமா தூக்குன?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆமா" என்றேன்.

"எதுக்கு?"

"எனக்கே தெரியல. எப்பருந்து எந்திரிக்கிய நீங்க?"

"ஆடிலேருந்து. மொதல்ல உக்காந்தேன். பெறகு நின்னு பாத்தேன்."

"நாலு மாசம். நாலு மாசமா என்னப் பொதிமாடு மாதிரி சொமக்க வச்சியளே, நீங்கள்லாம் மனுசனா?"

அவருக்குப் பேச்சு குழறும், கோபமோ அழுகையோ வந்தால் இன்னும் குழறும். துண்டு துண்டாகத்தான் சொன்னார்.

"நீ அடுக்களைக்குப் படுக்கப் போயி நாலு வருசம் ஆச்சு. ஒரு வார்த்த சொல்லல. கிட்ட வந்தா ஒதுங்கிப் போன. கையத் தொட்டா உருவிக்கிட்ட. நான் லாரில போன எடத்துல ஏதும் தப்புத் தண்டா பண்ணிட்டேன்னு எவனோ உன்ட்ட சொல்லிட்டான்னு நெனச்சேன். சத்தியமா ஒண்ணும் பண்ணலளா. எப்படிச் சொல்லன்னு தெரியல. பெறகு விழுந்துட்டேன். விழுந்த பெறகுதான் நீ எம்பக்கத்துல வந்த. ஒரு நாளைக்கு ஆறு மட்டம் வந்த. எந்திரிச்சிட்டேன்னு சொன்னா நீ மறுபடியும் அடுக்களைக்குப் போயிருவ."

குறட்டை என்று நானே எழுதியிருக்கிறேன். இந்த டைரியில், என் கையால்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. சொன்னேன். முட்டிவலி இல்லை என்றேன். கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று, அந்த வார்த்தையை அப்படியே, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நாலு வருடமாகத் துணி வைத்திருந்ததையும், வாடை வருமோ, அவர் கையில் தட்டுப்படுமோ, பார்த்தால் அருவருத்துவிடுவாரோ என்று அடுக்களைக்கு ஓடியதையும் சொன்னேன். வளையத்தையும் புண்ணையும் சொன்னேன். ஒவ்வொரு தடவை அவரைத் தூக்கும்போதும் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன், ஒளிக்காமல். இனிமேல் ஒரு தடவை கூடத் தூக்க மாட்டேன், புண் ஆறியதும் வளையத்தைத் திரும்ப வைத்துக்கொள்ளப் போகிறேன், அப்படியும் சரிப்படாவிட்டால் ஆபரேஷனுக்குப் படுப்பேன், இங்கே யார் வந்து பார்த்தாலும் டம்ளர் பறக்கக் கூடாது என்று சொன்னேன்.

அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. பிறகு போர்வையைத் தள்ளினார். நல்ல காலைக் கீழே போட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்தார். என் கை இரண்டும் தன்னால் நீண்டது, அக்குளுக்கு அடியில் போக. மடியில் இடுக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை பார்த்த லாவகம் இல்லை, அழுகையில் மூச்சு வாங்க, வேர்வை சொட்ட, இரண்டு தடவை விழப் போய், மூன்றாம் தடவை எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துப் பிடித்து ஆறு எட்டு நடந்து, ஜன்னலோரத்து நாற்காலியில் போய்ச் சரிந்து உட்கார்ந்தார். கட்டிலைக் காட்டினார்.

"நீ படு."

"எதுக்கு? வேல கெடக்கு."

"படுளா."

படுத்தேன். பகலில், அந்தக் கட்டிலில், நாலு வருடத்துக்குப் பிறகு. கொஞ்ச நேரத்தில் பந்து உள்ளே போய் அடங்கியது. அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. படுத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தேன். ஐந்நூற்று அறுபத்து எட்டையும் சொல்லித் திட்டினேன். பறந்த டம்ளரைச் சொல்லி, போக முடியாத கல்யாணத்தைச் சொல்லி, கட்டாத புதுப்புடவையைச் சொல்லி, என்னையும் சேர்த்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மணி பத்தரை வரை திட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடுவில் ஒரு தடவை மட்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். எழுந்து போய் எடுத்து வர அவரால் முடியாது. இருந்தாலும் கேட்டார்.